புலி வருஷத்துக் குழம்பு

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் நான்காவது மாடி. என் மகள் எனக்கும் அம்மாவுக்கும் தனக்குமாக மூன்று கிண்ணம் லெய் சா வாங்கிவந்து வைத்தாள். கிண்ணம் ஒன்று 19 வெள்ளி. நடுவில் பழுப்பரிசிச் சோறு, சுற்றிலும் பொடியாய் நறுக்கிய பயித்தங்காய், முட்டைக்கோஸ், தாவ்கூவா எனும் சோயாக் கட்டி, வறுத்த நிலக்கடலை. பக்கத்தில் ஒரு கோப்பையில் பச்சைச் சாறு. சுவரில் ஆங்கிலத்தில் 'தண்டர் டீ' என்று எழுதி, பொருத்தமாக ஒரு மின்னலும் வரைந்திருந்தார்கள்.

அந்த மின்னல் ஓர் எழுத்துப் பிழை. சீனத்தில் 'லெய்' என்றால் இடிப்பது. அதே ஓசையை வேறு எழுத்தில் எழுதினால் வானத்து இடி. எவரோ இதை அதுவாகப் படித்து மொழிபெயர்த்ததில் கடைகளில் மின்னல் வெட்டுகிறது. தமிழில் பெயர் வைத்திருந்தால் பிழையே தெரிந்திருக்காது. நமக்கு உரலில் விழுவதும் இடிதான், ஊரில் விழுவதும் இடிதான்.

அம்மா ஒரு வாய் குடித்தார். "கீரையை அரைச்சு சுடுதண்ணி ஊத்தியிருக்கான். உப்புப் போட மறந்துட்டான் போல."

"பாட்டி, இது நம்ம ரூட்ஸ்" என்றாள் மகள்.

லெய் சா ஹக்காச் சீனர்களின் சாப்பாடு. அந்த மேசையில் முழு ஹக்கா இரத்தம் ஓடியது அம்மாவுக்குத்தான். எனக்குப் பாதி, மகளுக்குக் கால். எங்கள் வீட்டில் இரத்தம் குறையக் குறைய ஆர்வம் ஏறிக்கொண்டே போகிறது. முழு ஹக்கா அன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாக ரசம் வைத்தார்.

அம்மா பிறந்தது 1950இல், கம்பாருக்குப் பக்கத்தில். சீனக் கணக்கில் அது புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் புருஷனைத் தின்பாள், பெற்றவர்களுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கையோடு வறுமையும் சேர்ந்துகொண்டால் தொட்டில் காலியாகிவிடும். அந்தக் காலத்து மலாயாவில் இப்படிக் கைமாறிய சீனப் பெண் குழந்தைகள் பலர் தமிழ் வீடுகளில் வளர்ந்தார்கள். பொட்டு வைத்து, பூ வைத்து, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, தமிழையே தாய்மொழியாகப் பேசி வாழ்ந்தார்கள். அம்மாவை எடுத்துக்கொண்டது பால்மரம் சீவும் குடும்பம். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'சீனத்தி'. கூப்பிட்டவர்களுக்கு அம்மா கொடுத்த பதில்கள் அத்தனையும் நல்ல தமிழ். சில, அச்சில் ஏற்ற முடியாத அளவுக்கு நல்ல தமிழ்.

அம்மாவைப் பெற்ற பாட்டியை நாங்கள் 'ஆ போ' என்போம். குழந்தையைக் கொடுத்த கொஞ்ச நாளில் அவரும் கைமாறினார், கம்பிவேலிக்குள். 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் காட்டோரம் குடியிருந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறும் போய்ச் சேரக்கூடாது என்பது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கணக்கு. காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். கடையில் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத் தருவார். ஓட்டை விழுந்த டின்னைச் சேர்த்து வைக்க முடியாது அல்லவா. 1956 வாக்கில் சில இடங்களில் அரிசி விற்பதையே நிறுத்திவிட்டுப் பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கி அளந்து கொடுத்தார்கள். அரிசி என்றால் மாதக்கணக்கில் பதுக்கலாம். சோறு மறுநாளே ஊசிப்போகும். ஒரு பேரரசு, சோறு ஊசும் என்கிற ஞானத்தின் மேல் போர்த் திட்டம் வகுத்தது!

இதையெல்லாம் ஆ போ சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. அவர் எதையும் சொன்னதில்லை. ஆனால் சாகும்வரை டின் வாங்கியதும் மூடியில் ஓர் ஆணியை வைத்து அடித்துவிடுவார். மத்தி டின், பால் டின், எதுவானாலும் சரி. சிறுவயதில் அதை ஹக்காக்காரர்களின் வழக்கம் என்றே நினைத்திருந்தேன். இப்போது என் மகள் 'மரபு' என்று குறிப்பெடுக்கிறாளே, அந்தப் பட்டியலில் இந்த ஆணி இல்லை.

கெடுபிடி தளர்ந்ததும் ஆ போ சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் காய்கறி விற்க வந்தார். அம்மாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். எல்லா லயத்துக்கும் ஒரே விலை. வளர்த்த பாட்டியின் வாசலில் மட்டும் ஒரு கட்டுக் கீரை கொசுறாக விழும். "ஏன் எங்களுக்கு மட்டும்?" என்று அம்மா கேட்டதற்கு, "அவளுக்குக் கணக்குத் தெரியாது" என்றாராம் வளர்த்த பாட்டி. காய்கறிக்காரியின் கணக்கு அம்மாவுக்குப் புரிந்தது கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது.

1978இல் தம்பி பிறந்தான். பெற்ற பாட்டியும் வளர்த்த பாட்டியும் ஒரே அடுப்படியில் நின்றதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு ஐந்து வயது. பிள்ளை பெற்றவளின் உடம்பில் காற்றுப் புகுந்துவிடும், சூடு ஏற்ற வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. எதனால் ஏற்றுவது என்பதில்தான் சண்டை. வளர்த்த பாட்டி பூண்டை உரித்துப் பெருங்காயத்தோடு நல்லெண்ணெயில் போட்டார். ஆ போ ஒரு சாக்கு இஞ்சியும், துணிப்பைக்குள் சுற்றிய ஒரு போத்தல் அரிசி மதுவும் கொண்டுவந்திருந்தார். அந்த மது ஊற்றிக் கோழி சமைத்தால்தான் ஹக்காப் பெண்களுக்குப் பிள்ளைப்பேறு முடிந்ததாகக் கணக்கு. எங்கள் வீடோ மதுவிலக்கு வீடு, அதாவது தாத்தா வெளியே போய்க் குடித்துவிட்டு வருகிற வீடு. கடைசியில் வளர்த்த பாட்டி போத்தலை மோந்து பார்த்து, "கஷாயம்" என்று தீர்ப்புச் சொல்லி, சாமி படத்துக்கு ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, தானே கோழியை வெட்டினார். கஷாயம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. தாத்தாவும் பத்தியம் இருந்தாரோ என்னவோ.

லெய் சாவை நான் முதலில் பார்த்தது ஆ போவின் வீட்டில், சீனப் பெருநாளின் ஏழாம் நாள். உள்ளே வரிவரியாய்க் கீறிய மண்சட்டியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கொய்யாக் கட்டையால் தேயிலையையும் புதினாவையும் எள்ளையும் கடலையையும் மணிக்கணக்கில் அரைப்பார். கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தேய்ந்து சாற்றில் சேரும். அதுவும் மருந்துதான் என்பார். ஏழு வகைக் காய் வேண்டும் என்பது விதி. கையில் மூன்றுதான் இருந்தால் வேரையும் தண்டையும் தனித்தனியே நறுக்கி ஏழாக்கிவிடுவார். மாமன் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவார்கள். அவர்களுக்குக் கம்பார்ப் பட்டணத்தில் விற்கும் பொரித்த கோழி வேண்டும். அது இல்லாதவர்கள் குடிப்பதுதான் இது. எனக்கும் பிடிக்காது. பிடித்ததாக இப்போது மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

1985இல் ஈய விலை விழுந்தது, கிந்தாப் பள்ளத்தாக்கில் லம்பம் என்கிற ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடின, மாமன்கள் நகரங்களுக்குக் கலைந்தார்கள். மண்சட்டியில் ஒரு மாமி பூச்செடி வைத்தார்.

போன வருஷம் மகள் ஒரு லெய் சா பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிப் போனாள். தேயிலை 10 கிராம், எள் 30 கிராம், அரைக்கும் நேரம் 20 நிமிடம் என்று அச்சிட்ட தாள், ஒரு சின்னக் கொய்யாக் கட்டை, முடிவில் சான்றிதழ். ஆ போவுக்கு எழுதத் தெரியாது. அளவு கேட்டால் 'அகாக்-அகாக்', குத்துமதிப்பாக, என்று மலாயில் சொல்லிக் கையை விரித்துக் காட்டுவார். ஒத்துக்கொள்ள எரிச்சலாகத்தான் இருக்கிறது, மகள் கிராம் கணக்கில் அரைத்தது நன்றாகவே வந்தது. அம்மா அதில் உப்புப் போட்டு, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, சோற்றில் பிசைந்து அப்பளத்தோடு சாப்பிட்டார். மகளுக்குப் படமெடுக்க மனம் வரவில்லை.

2022 மறுபடியும் புலி வருஷம். மாமன் பேரனுக்குப் பெண் குழந்தை. யாருக்கும் கொடுக்கவில்லை; புலிக்காது வைத்த தொப்பி போட்டுப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்துக்கு எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை இரண்டு, ஆமை ஓட்டு வடிவில் சிவப்புப் பணியாரம், மஞ்சள் போட்ட புளுட் எனும் ஒட்டரிசிச் சோறு, கோழிக் குழம்பு. இங்கே சீனர் வீட்டு ஒரு மாத விருந்து பெரும்பாலும் இப்படித்தான், மஞ்சள் சோறும் கறிக்குழம்புமாக நடக்கும்.

அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முட்டையை உரித்தார். சாயம் விரல்களில் ஒட்டியது, குங்குமம் தொட்ட மாதிரி.

"பொண்ணுதானே?"

"ஆமாம்மா."

"புலியா?"

"புலிதான்."

ஒன்றும் சொல்லாமல் குழம்பில் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "சோம்பு தூக்கலா இருக்கு. கசகசா போடவே இல்ல. அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குப் போன் போடு, நான் சொல்லித் தரேன்."