முன்பம்பருக்கு ஊர் சுற்றிக் காட்டுவது எப்படி?

வெளிநாடு போனால் டூரிஸ்ட் பஸ்ஸில் ஏறி, கொடி பிடித்த கைடு பின்னால் ஓடுகிற ரகம் இல்லை நீங்கள். வாடகைக்கு ஒரு கார் எடுத்து, யாரும் எட்டிப் பார்க்காத மலைக்கிராமத்துக்கு நீங்களே ஓட்டிப் போகவேண்டும். நல்ல ஆசை. அதற்குத் தோதான ஊர் ஒன்று எனக்குத் தெரியும். ஜார்ஜியா நாட்டின் வடமேற்கில், காகசஸ் மலைக்குள், ஸ்வானேத்தி என்ற பகுதியின் கடைக்கோடியில் உஷ்குலி. கிட்டத்தட்ட நம் ஊட்டி அளவு உயரம். பழைய கல் கோபுரங்கள், அவற்றுக்குப் பின்னால் 5,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் ஷ்காரா பனிச்சிகரம். நான் போய் வந்தவன். நான் சொல்கிறபடி செய்தால் இவற்றில் எதையுமே பார்க்காமல் பத்திரமாகத் திரும்பி வரலாம்.

முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வாங்குங்கள். ஓராண்டுக்குத்தான் செல்லும். "ஜார்ஜியாவா? அமெரிக்காவுல இருக்கே, அதுவா?" என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். இல்லை, இது ரஷ்யாவுக்குக் கீழே இருக்கிற ஜார்ஜியா என்று விளக்குங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உங்களை மரியாதையாகப் பார்ப்பார்கள். பயணம் முழுவதிலும் உங்களுக்குக் கிடைக்கப்போகிற மரியாதை அவ்வளவுதான் என்பதால், கொஞ்சம் மெதுவாகவே விளக்கலாம்.

அடுத்தது கார். இருப்பதிலேயே மலிவான, தரையோடு தரையாகக் கிடக்கிற சின்னக் காரைத் தேர்ந்தெடுங்கள். குத்தாய்ஸி ஊரில் நான் அப்படித்தான் எடுத்தேன். "ஃபுல் இன்சூரன்ஸ் உண்டு" என்றார் வாடகைக்காரர். கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பகுதி மூன்றுக்கும் மட்டும் கிடையாதாம். அதாவது மலைப்பாதையில் கல் எங்கெல்லாம் படுமோ, அங்கே கிடையாது. கல் ஏறிப் படமுடியாத கூரைக்கு முழுப் பாதுகாப்பு. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், எந்தெந்தச் சாலைகளில் வண்டியை இறக்கவே கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் போகவிருக்கும் ஊர் பெரும்பாலும் அதில் இருக்கும். படிக்காதீர்கள். படித்தால் ஊருக்குத் திரும்பிவிடத் தோன்றும்.

டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு கேட்பார்கள். பணத்தை எடுக்கமாட்டார்கள், பிடித்துவைப்பார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனைவிக்கு விளக்க முயலாதீர்கள். "முன்பம்பர்ல சின்னக் கீறல் விழுந்தாலும் டெபாசிட்லேருந்து கழிச்சிடுவோம்" என்று வாடகைக்காரர் சொன்னாரே, அந்த வினாடியிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான்காவது ஆளாக அந்தப் பம்பர் சேர்ந்துகொண்டது. நான், மனைவி, அவள் தம்பி, பம்பர்.

கிளம்புமுன் காரைச் சுற்றிவந்து படம் எடுக்கவேண்டும். ஏற்கெனவே இருந்த கீறல்களுக்கு அத்தாட்சி. நான் 143 படங்கள் எடுத்தேன். பம்பருக்கு மட்டும் 60. இடப்பக்கம், வலப்பக்கம், குப்புறப் படுத்துக் கீழிருந்து. வாடகைக்காரர் சிகரெட் பிடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவருடைய சொந்தக் காருக்கு முன்பம்பரே இல்லை. ஜார்ஜியாவில் இது சாதாரணம். எங்கேயோ, எதிலோ மோதி விழுந்திருக்கும். திரும்ப மாட்டுவானேன் என்று விட்டிருப்பார்கள். கார்களுக்குத் தகுதிப் பரிசோதனை கட்டாயமில்லாமல் இருந்த காலத்தில் நகரத்திலேயே இப்படி நிறைய வண்டிகள் ஓடினவாம். மலைப்பக்கம் இன்னும் கண்ணில் படுகின்றன. பம்பர் இல்லாதவனின் முகத்தில்தான் எத்தனை நிம்மதி!

இனி ஓட்டுவது. அங்கே சாலையின் வலப்பக்கம் போகவேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். இதற்கு மூளை ஒரு மணி நேரத்தில் பழகிவிடும், கை பழகாது. நம் கார்களில் பெரும்பாலும் இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம். அங்கே அந்த இடத்தில் இருப்பது வைப்பர். ஆகவே நீங்கள் திரும்ப நினைக்கும்போதெல்லாம், கொளுத்துகிற வெயிலில், வைப்பர் கர்ர்ர் என்று கண்ணாடியைத் துடைக்கும். பின்னால் வருகிறவர் வானத்தைப் பார்ப்பார். உஷ்குலிக்கு வழியில் உள்ள மெஸ்தியா ஊருக்குப் போகும் பாதையில் வளைவுகளை எண்ணி முடியாது. ஒவ்வொரு வளைவிலும் நான் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் இண்டிகேட்டர் போட்டேன். கியர் மாற்றப்போன இடக்கை கதவில் இடித்து, மூன்றாம் நாள் மணிக்கட்டில் கன்றிப்போயிருந்தது.

வழி சொல்ல மச்சினனைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். எதிரே லாரி வந்தபோது அவன் "ரைட்டு, ரைட்டு மாமா!" என்று கத்தினான். வலப்பக்கம் ஒதுங்கச் சொல்கிறான் என்பது இப்போது எழுதும்போது புரிகிறது. அரசுப் பேருந்திலேயே வளர்ந்த எனக்கு, ரெண்டு ரைட்டு கேட்டால் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கமாகப் போனதுதான் எங்குரி அணை. 271.5 மீட்டர் உயரம், உலகின் மிக உயரமான அணைகளில் ஒன்று. "பெரிசா இருந்துச்சு" என்றாள் மனைவி.

மாடுகளுக்குத் தனி அறிவுரை தேவையில்லை, நமக்குப் பழக்கம்தான். ஒரு வித்தியாசம், அங்கே மாடுகள் பாலத்தின் மேல் நிற்கப் பிரியப்படுகின்றன. ஆற்றுக் காற்றுக்கு ஈ அண்டாது என்று காரணம் சொல்கிறார்கள். ஹாரனுக்கு நகராது. இறங்கி, முதுகில் தட்டி, "ஏய், போம்மா" என்றால் நகர்கிறது. தமிழிலேயே சொல்லலாம்.

மெஸ்தியாவில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து உஷ்குலி சுமார் 45 கிலோமீட்டர். நான் போனபோது கொஞ்ச தூரம் கான்கிரீட், கொஞ்ச தூரம் கல்லும் சேறும். உள்ளூர்க்காரர்கள் மிட்சுபிஷி டெலிகா வேனில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கூட்டிப்போவார்கள். அந்த வேன்களில் சுற்றுலாப் பயணிகள் ஜன்னல் வழியாக வாயைப் பிளந்து மலையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பரிதாபம், சுதந்திரமில்லாதவர்கள். நான் ஒரு கல்லையும் அதற்கடுத்த கல்லையும் பார்த்துக்கொண்டு மணிக்குப் பத்துக் கிலோமீட்டரில் போனேன்.

வழியில் ஒரு பாட்டி கை காட்டினார். கறுப்புத் துணி, தலையில் முக்காடு, காலடியில் ஒரு உருளைக்கிழங்கு மூட்டை. பாட்டியை அங்கே 'பெபியா' என்பார்கள். மூட்டையைப் பின்னால் ஏற்றியதும் காரின் வால் தாழ்ந்து, பம்பர் இரண்டங்குலம் உயர்ந்தது. இந்த உத்தியை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் பார்க்கமுடியாது. பெபியா ஏறி உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார், மூன்று முறை. ஜார்ஜியர்கள் தேவாலயத்தைக் கடக்கும்போது அப்படிச் செய்வது வழக்கம், படித்திருக்கிறேன். அடுத்த வளைவிலும் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த வளைவிலும். "இந்தப் பக்கம் எவ்வளவு கோயில் பாருங்க" என்றேன் மனைவியிடம். "இதுவரைக்கும் ஒண்ணுகூட வரலை" என்றாள்.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. மச்சினன் நிமிடத்துக்கு நாலு தடவை "மாமா, பாத்து! மாமா, பள்ளம்!" என்று அலறிக்கொண்டிருந்தான். பெபியா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவனுக்கும் எனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். ஏதோ புரிந்த மாதிரி தலையை ஆட்டி, என் தோளில் ஆதரவாக ஒரு தட்டு தட்டினார். அப்போது வைப்பர் ஓடியது. வாய்விட்டுச் சிரித்தார். இறங்கும்போது பையிலிருந்து ஒரு பெரிய பாலாடைக்கட்டித் துண்டை எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கமாட்டேன் என்று கையை உதறினார். உப்பும் புகைவாசனையுமாக இருந்தது.

உஷ்குலி வந்துவிட்டது. இங்குள்ள கோபுரங்கள் பெரும்பாலும் 9-ஆம் நூற்றாண்டுக்கும் 12-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தவை. அந்தக் காலத்தில் பகையாளி வந்தால், குடும்பம் மொத்தமும் உள்ளே ஏறிக்கொள்ளும். 1996-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதெல்லாம் மனைவியும் மச்சினனும் பார்த்துவிட்டு வந்து சொன்னவை. நான் காரை நிறுத்திய இடத்தில் ஒரு பசு வந்து பம்பரில் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்ததால் என்னால் அகலமுடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் 'சாச்சா' கொண்டுவந்தார். திராட்சைச் சக்கையில் காய்ச்சும் சாராயம். ஸ்டியரிங்கைக் காட்டி மறுத்தேன். மச்சினனுக்கு ஸ்டியரிங் இல்லை, அவன் மறுக்கவில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கைப் பாலாடைக்கட்டியோடு இழைய இழையப் பிசைந்து 'தாஷ்மிஜாபி' என்று ஒன்று கொடுத்தார்கள். அதைக் காருக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்றேன். அபாரமான ருசி. அன்று நான் பம்பரை மறந்த ஐந்து நிமிடம் அதுதான்.

"கோபுரத்தை ஒரு போட்டோ எடுத்தீங்களா?" என்று இரவில் மனைவி கேட்டாள். எடுத்திருந்தேன். பம்பரின் வளைவில் தலைகீழாக, குட்டியாகத் தெரிந்தது.

குத்தாய்ஸியில் காரைத் திருப்பிக் கொடுத்தபோது 143 படங்களோடு தயாராக நின்றேன். வாடகைக்காரர் பம்பர் பக்கமே போகவில்லை. கண்ணாடியருகே குனிந்து வைப்பரைத் தூக்கிப் பார்த்தார். ரப்பர் தூசியில் தேய்ந்து, பாதி கிழிந்து, நார்நாராகத் தொங்கியது. இன்சூரன்ஸில் வராது என்றார். நான் செல்போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். ஒன்றில்கூட வைப்பர் இல்லை.

"மேல நல்ல மழையோ?" என்றார்.

"பயங்கர மழை" என்றேன்.