ஏத்தமே இல்ல, தம்பி

“ஏத்தமே இல்ல தம்பி, பூரா கடலோரம்” என்று ஒருவர் உங்களைச் சைக்கிள் ஓட்டக் கூப்பிட்டால், பதில் சொல்லும் முன் அவருடைய கெண்டைக்காலைப் பாருங்கள். அம்மிக் குழவி மாதிரி திரண்டு இருந்தால், தே தாரிக்குக்குக் காசு கொடுத்துவிட்டு மாமாக் கடையிலிருந்து நைசாக எழுந்து வந்துவிடுவது உடம்புக்கு நல்லது.

ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் இப்படிக் கூப்பிடும் அண்ணனைத் தெரியாதவர் இல்லை. மற்றத் தாமான்களிலும் ஆளுக்கொரு அண்ணன் உண்டு என்று கேள்வி. பிதுங்கும் சட்டை, தலைக்கவசத்தைக் கழற்றாமலே ரொட்டி சானாய் பிய்ப்பது, பக்கத்து மேசைக்காரரின் டயரை அனுமதி கேட்காமல் அமுக்கிப் பார்ப்பது, இதெல்லாம் மன்னிக்கக் கூடியவை. மன்னிக்க முடியாதது அந்த ஏத்தம்தான். அண்ணன் அகராதியில் மேடு கிடையாது. ஐந்திணையில் நெய்தலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் நாடு கடத்தியவர் அவர்.

அவர் கூப்பிடுவது சிங்கப்பூர் கிழக்குக் கடற்கரைக்கு. சொல்வதில் பொய் இல்லை, வயிற்றெரிச்சலே அதில்தான். ஈஸ்ட் கோஸ்ட் பார்க் 15 கிலோமீட்டர் நீளம், எங்கும் மரநிழல், தனிச் சைக்கிள் பாதை. 1966இல் தொடங்கிக் கடலைத் தூர்த்து எடுத்த நிலம் அது. தூர்க்க மண் வேண்டுமென்று பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டினார்கள். இருந்த மேட்டையும் இடித்துக் கடலில் கொட்டிவிட்டார்கள், அப்புறம் ஏத்தத்துக்கு எங்கே போவது? அதைத் தாண்டி சாங்கி பக்கம் போனால், விமான ஓடுபாதையை ஒட்டி நூல் பிடித்தாற்போல் ஒரு சாலை. இறங்குகிற விமானத்தின் சக்கரங்களை எண்ணிக்கொண்டே மிதிக்கலாம். பாட்டிமார்கூட கூடை வைத்த சைக்கிளில் போகிறார்கள்.

ஆனால் அந்தப் பாட்டிமார் பிடோக்கில் குடியிருக்கிறார்கள். நாம் இருப்பது பெர்மாஸ் ஜெயாவில்.

அண்ணன் கணக்கில் ரூட் என்றால் கடல் தெரிகிற இடம் மட்டும். போகிற வழியும் வருகிற வழியும் கணக்கில் சேராது. விடியற்காலை நாலரைக்கு இருட்டில் கிளம்பி, தெப்ராவ் ஆற்றுப் பாலத்தை ஏறி இறங்கி, ஸ்துலாங் தாண்டி, குடிநுழைவில் மோட்டார் வரிசையில் சைக்கிளை நுழைத்து, நூறு வண்டிப் புகையைக் குடித்து, ஜொகூர் பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் முத்திரை வாங்குவது வரை எல்லாம் அவருக்கு ‘வாம் அப்’. அதன் பிறகு செம்பவாங், யீஷூன், பொங்கோல், பாசிர் ரிஸ் வழியாகச் சாங்கிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் போல. அது ‘கனெக்‌ஷன்’. இதில் செம்பவாங் நம் வீட்டுக்கு நேர் எதிர்க்கரை. மேற்கே போய், பாலம் தாண்டி, திரும்பக் கிழக்கே வந்து, நாக்கு வறள செம்பவாங் பூங்காவில் நின்று பார்த்தால் அக்கரையில் தெரிவது செனிபோங்! கிளம்பிய இடத்துக்கு எதிரே வந்து நிற்பதற்கே பாஸ்போர்ட் தேவைப்பட்டிருக்கிறது.

திரும்பி வீடு சேரும்போது நூறு கிலோமீட்டர் தாண்டிவிடும். அண்ணனின் ஸ்ட்ராவா செயலி அப்படிச் சொல்லாது. கடல் கண்ணில் பட்ட பிறகுதான் அதை அமுக்குவார். கடல் மறைந்ததும் நிறுத்திவிடுவார். அடுத்த வாரம் மாமாக் கடையில் புதுசாக ஒருவன் மாட்டினால் கைப்பேசியை எடுத்து நீட்டுவார்: “பாரு, மொத்த ஏத்தம் இருபது மீட்டர்கூட இல்ல.” ஆதாரத்தோடு பேசுகிறவரிடம் வாதாட முடியுமா? வரைபடத்தில் ஆரம்பப் புள்ளி ஏன் சாங்கியில் நடுத்தெருவில் இருக்கிறது என்று அந்தப் பையனுக்குக் கேட்கத் தோன்றாது.

பாலங்கள் விஷயமும் உண்டு. “அண்ணே, இது ஏத்தம்தானே?” என்று மூச்சிரைக்கக் கேட்டால், “சே சே, இது பாலம்” என்பார். மேம்பாலம் என்றால் “அது கவர்மெண்ட் கட்டுனது.” அதாவது ஆண்டவன் படைத்தால்தான் மேடு, பொதுப்பணித் துறை கட்டினால் சமதரை.

காற்றை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. சாங்கியிலிருந்து தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளும். எல்லோருக்கும் கால் திடீரென்று பலப்பட்டதாக ஒரு மயக்கம் வரும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது இயற்பியல். மரம் மட்டை இல்லாத அந்த நேர்ச்சாலையில் இதைப் படிக்காதவனும் பாஸாகிவிடுவான். “காத்து ஏத்தத்துல சேராது தம்பி” என்பார் அண்ணன், திரும்பிப் பார்க்காமல்.

ஆனால் அந்த நேரத்தில் அவருடைய முதுகு இருக்கிறதே, அது பெரிய உபகாரம். சாலையை அடைத்த முதுகு. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று பாதிதான் தெரியும். சட்டையின் பின்பையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாஸ்போர்ட், நசுங்கிய பிசாங் மாஸ் இரண்டு, ஓர் உபரி டியூப். முதுகிலிருந்து கோடாலித் தைல வாசம். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே வந்தால் அவர்மேல் பாசம்கூட வந்துவிடும். யார் டியூப் பஞ்சரானாலும் குந்தி உட்கார்ந்து மாற்றுவது அவர்தான். சாங்கி வில்லேஜில் நாசி லெமாக்குக்குப் பணம் கொடுப்பதும் அவர்தான். சிங்கப்பூர் வெள்ளியை ரிங்கிட்டாகப் பெருக்கிப் பார்த்தால் நமக்குத் தொண்டையில் இறங்காது. அவர் பெருக்குவதே இல்லை.

இருபது வருஷமாக வாரத்தில் ஆறு நாள் அதே பாலத்தை மோட்டாரில் தாண்டி வேலைக்குப் போன மனிதர். மழையிலும் புகையிலும் நின்ற அதே வரிசையில் ஞாயிற்றுக்கிழமையும் வலியப் போய் நிற்கிறார், இந்தத் தடவை சந்தோஷத்துக்காக. அவருக்குத் தூரம் தூரமாகத் தெரியாததில் ஆச்சரியமில்லை.

அதற்காக ஆறாவது ஆளுக்கு அவர் செய்வதை விட்டுவிட முடியாது. சிங்கப்பூர்ச் சாலையில் 2022 ஜனவரியிலிருந்து ஒற்றை வரிசையில் ஐந்து பேருக்கு மேல் ஒரே குழுவாகப் போகக்கூடாது. மீறினால் 150 வெள்ளி. சட்டத்தை அண்ணன் அட்சரம் பிசகாமல் மதிப்பார். ஆறு பேர் போனால் ஆறாவது ஆளைக் கழற்றிவிடுவார். அந்த ஆறாவது ஆள் எப்போதும் புதுசாக வந்தவன், மெதுவாக மிதிப்பவன். எங்கள் தெருப் பையன் ஒருவன் ரோமிங் இல்லாத கைப்பேசியோடு யீஷூன் சந்திப்பில் தனியாக நின்று, பஸ் நிறுத்தத்தில் ஒரு வங்காளதேசத் தொழிலாளியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே உட்லண்ட்ஸ் திரும்பினான். அண்ணன் அன்று மாலை “ஈசி ரைட்” என்று குழுப்படம் போட்டார். படத்தில் ஐந்து பேர். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கூப்பிட்டவர்தான் கடைசியில் வர வேண்டும்.

நம் ஊரிலேயே கடல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. செனிபோங்கிலும் கம்போங் பாக்கார் பத்துவிலும் உட்கார்ந்து நண்டு தின்னுமளவுக்கு இருக்கிறது. ஆனால் கரையை ஒட்டி விட்டுப்போகாமல் ஒரு பாதை கிடையாது. கொஞ்ச தூரம் போனால் வேலி போட்ட வீடுகள், தப்பித்து வெளியே வந்தால் பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகள். அந்த லோரி உரசிப் போகும்போது அண்ணனுக்கே ஏத்தம் இறக்கம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். இக்கரையில் ஒரு பத்துக் கிலோமீட்டர் போட்டுக் கொடுத்திருந்தால், அக்கரைக்கு இவர் ஆள் பிடிக்கும் வேலையே இருந்திருக்காது.

தப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்தது அண்ணனின் மனைவி. சனி, ஞாயிறுகளில் நம் காருக்குச் சிங்கப்பூரில் அன்றாட நுழைவு அனுமதிக் கட்டணம் கிடையாது, டோல் மாதிரிச் சில்லறைச் செலவுதான். அக்கா மடக்குச் சைக்கிளைப் பின்னால் போட்டுக்கொண்டு விடியும் முன் பாலம் தாண்டிவிடுவார். பிடோக் பக்கம் காரை நிறுத்தி, உண்மையிலேயே ஏத்தமில்லாத அந்தத் துண்டை மட்டும் நிதானமாக ஓட்டிவிட்டு, அண்ணன் கோஷ்டி வேர்த்து விறுவிறுத்து வரும்போது மரத்தடியில் ஹண்ட்ரட் பிளஸ் குடித்துக்கொண்டிருப்பார். “என்னா, ஏத்தம் இருந்துச்சா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். காரில் இன்னும் ஓர் ஆளுக்கும் ஒரு சைக்கிளுக்கும் இடம் உண்டு. அதற்கு நான் துண்டு போட்டாயிற்று.