கருந்திரை அண்ணன்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு மூலையில் மவுஸைத் தொடாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மவுஸ் இல்லாமல் இல்லை. கம்பெனி கொடுத்திருக்கிறது, அதன் மேல் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் இருக்கும். திரை முழுக்கக் கறுப்பு, அதில் பச்சை எழுத்து. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் நாள் அவரை ஹேக்கர் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அடுத்த வாரம் ‘அண்ணா’ என்பார்கள். மூன்று மாதம் போனால், அவர் எழுந்து வருவதைப் பார்த்ததும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

காரணம் உண்டு. அவரிடம் மட்டும் ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடக் கூடாது.

“அண்ணா, போன மாசம் வந்த இன்வாய்ஸ் எந்த ஃபோல்டர்லண்ணா இருக்கு?”

மற்றவர்கள் என்றால் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பார்கள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு விரல்களைச் சொடுக்குவார். “தள்ளிக்கம்மா, டெர்மினலைத் திற” என்பார். ‘ஃபைண்ட்’ என்று தொடங்கும் கட்டளை. எங்கிருந்து தேடுவது, பெயர் எப்படி முடிய வேண்டும், ஃபைலா ஃபோல்டரா, 30 நாளுக்குள் மாறியதா, 10 எம்பியைத் தாண்டுமா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார். என்டர் தட்டியதும் அனுமதி மறுக்கப்பட்டது, அனுமதி மறுக்கப்பட்டது என்று திரை கொள்ளாமல் வரிகள் ஓடும். அப்போதுதான் அவர் முகம் மலரும். அந்தப் பிழைச் செய்திகளையெல்லாம் எதைப் போட்டாலும் விழுங்கிவிடுகிற டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டு மறுபடியும் தொடங்குவார். அதற்குள் அந்தப் பெண் தன் மெயிலிலேயே இன்வாய்ஸை எடுத்து, கேட்டவருக்கு அனுப்பியும் முடித்திருப்பார்.

“கிடைச்சிருச்சா?” என்று அண்ணன் கேட்கிற குரலில் சந்தோஷம் துளியும் இருக்காது. அவருக்கு வேண்டியது இன்வாய்ஸ் அல்ல, தேடல்.

இவருக்குக் குலப்பெருமையும் உண்டு. 1969-ல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸைத் தொடங்கிய கென் தாம்ப்சனையும் டென்னிஸ் ரிச்சியையும் பற்றி, சின்னத் தாத்தா பெரிய தாத்தா தோரணையில்தான் பேசுவார். “கென் அப்பவே எழுதிட்டாரு” என்பது அவருடைய பல்லவி. ஃபைலுக்குள் இருக்கும் சொல்லைத் தேடித் தருகிற ‘கிரெப்’ 1973-ல் வந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து அன்றைய தலைவர்கள் புனைபெயரில் எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார் தாம்ப்சனின் சக ஊழியர் லீ மக்மஹோன். அவ்வளவு பெரிய உரை அன்றைய எடிட்டரின் நினைவகத்தில் அடங்கவில்லை. எடிட்டரிலிருந்து தேடும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துத் தந்தார் தாம்ப்சன். நல்ல கதைதான். ஆனால் இன்வாய்ஸ் கேட்டு வந்தவளுக்கு இதை முழுக்கச் சொல்வதுதான் கொடுமை.

‘லொகேட்’ என்ற கட்டளை அவருக்கு ஆகாது. வட்டை அலசாமல், ஏற்கெனவே எடுத்துவைத்த பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்கிற கட்டளை அது. கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிடும். அந்தப் பட்டியல் வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். காலையில் உருவாக்கிய ஃபைல் அதில் இருக்காது, காலையில் அழித்தது இருக்கும். 2016-ல் ஆண்ட்ரூ கேலண்ட் வெளியிட்ட ‘ரிப்கிரெப்’ என்ற தேடல் கருவி மீது மட்டும் தனிக் காதல். அது, நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் ‘கிட்’டிடம் புறக்கணிக்கச் சொன்ன ஃபைல்களைத் தானும் புறக்கணித்துவிடும். அதை மறந்துவிட்டு, அப்படிப் புறக்கணிக்கப்பட்ட ஒரு ஃபைலில் இருக்கும் பாஸ்வேர்டை அரை நாள் தேடி, “இந்த மிஷின்லயே இல்ல” என்று அண்ணன் தீர்ப்பு எழுதிய கதையைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவரை உண்மையிலேயே மண்டியிட வைப்பது தமிழ்தான். ஹெச்.ஆர். பிரிவு ‘பொங்கல்’ என்று பெயர் வைத்து விடுமுறைப் பட்டியல் ஒன்றை அனுப்பும். அண்ணன் ‘பொங்கல்’ என்று தட்டித் தேடுவார். இல்லை என்று வரும். கண்ணெதிரே ஃபைல் இருக்கும். யூனிகோடில் ‘பொ’வை இரண்டு வகையில் எழுதலாம்: ப-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஃபைண்டோ கண்ணால் பார்ப்பதில்லை, பைட்டுகளை ஒப்பிடுகிறது. முதல் வகையில் ‘பொங்கல்’ 21 பைட், இரண்டாம் வகையில் 24. பழைய மேக் கணினிகள் ஃபைல் பெயரை இப்படிப் பிரித்தே சேமித்தன. அங்கிருந்து வந்த பொங்கல் அண்ணனுக்குக் கிடைக்காது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணமென்றால் இன்னும் மோசம். அதற்குள் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள் மட்டுமே. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 85-ஐத் தாண்ட முடியாது என்பதை அண்ணன் ஹெச்.ஆருக்கு விளக்கியிருக்கிறார். பயனில்லை. அவர்கள் அழைப்பிதழ் வாசகம் முழுவதையும் பெயராக வைப்பவர்கள்.

தேடல் அலுத்தால் மாட்யூல்.

யாருடைய லேப்டாப்பிலாவது சத்தம் வரவில்லை என்றால் போதும். இயங்குதளத்தின் மையமான கர்னலில் என்னென்ன மாட்யூல் ஏறியிருக்கிறது என்று ‘எல்எஸ்மாட்’ போட்டுப் பார்ப்பார். “இன்ஸ்மாட் போடாத, அது ஒத்தையா ஏத்தும். மோட்ப்ரோப் போடு, அது கூட வேணுங்கிறதையும் சேர்த்து ஏத்தும்” என்பார். உண்மைதான், எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற கணக்கை ‘டெப்மாட்’ முன்கூட்டியே எழுதிவைக்க, அதைப் படித்துத்தான் மோட்ப்ரோப் வேலை செய்கிறது. ஆனால் இந்த ஞானமெல்லாம் இருந்தும், வெளியூர் சர்வரில் நெட்வொர்க் கார்டின் மாட்யூலை இறக்கி ஏற்றப் பார்த்தார் ஒரு நாள். இறக்கினார். எந்த நெட்வொர்க் வழியாக அந்த சர்வருக்குள் நுழைந்திருந்தாரோ அதுவே போய்விட்டது. ஏற்றுவதற்கு அங்கிருந்த வாட்ச்மேனுக்கு போன் போட வேண்டியதாயிற்று.

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் கிடங்கான என்பிஎம்மில் நடப்பது வேறு கூத்து. ஒரு பேக்கேஜை அழைத்தால், ஒருவருக்குப் பத்திரிகை வைத்த கல்யாணத்துக்கு வேன் பிடித்து ஊரே வருவது போல, நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பேக்கேஜை, இன்னொரு பேக்கேஜின் பெயர் உரிமைத் தகராறில் எழுதியவரே திரும்ப எடுத்துக்கொண்டார். வரியின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது ஒன்றுதான் அதன் வேலை. அதை நம்பியிருந்த பேபல் என்ற கருவி உட்பட உலகெங்கும் புராஜெக்டுகள் படுத்துக்கொண்டன. “அதை நானே எழுதியிருப்பேன்” என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் அண்ணன், போன வாரமும் 900 சொச்சம் பேக்கேஜ்களை இறக்கியிருக்கிறார். பைத்தானிலும் இதே கதைதான். 2023-ல் வந்த டெபியன் 12 லினக்ஸ், சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பேக்கேஜ் நிறுவியான பிப் மூலம் எதையும் நிறுவ விடாது. மீறியே தீருவேன் என்றால் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று கையால் முழுசாகத் தட்ட வேண்டும். இவ்வளவு பட்டவர்த்தனமான எச்சரிக்கையை அண்ணன் இரண்டெழுத்துச் சுருக்குக் கட்டளையாக்கி வைத்திருக்கிறார்.

இத்தனைக்குப் பிறகும் அவரை ஏன் வைத்திருக்கிறார்கள்? நடுராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் நின்றுபோகும். வட்டு நிரம்பிவிட்டது என்று ‘டிஎஃப்’ கட்டளை சொல்லும். ஃபைல்களைக் கூட்டினால் பாதிதான் வருகிறது என்று ‘டியூ’ கட்டளை சொல்லும். அங்கே ஜன்னலும் கிடையாது, மவுஸும் கிடையாது. பகலெல்லாம் அவரைப் பார்த்து நழுவிய மேனேஜர் “ஜி, கொஞ்சம் பாருங்க ஜி” என்பார். அழித்த லாக் ஃபைலை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். பிடியை விடும்வரை இடம் திரும்பி வராது. அண்ணன், திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் ‘எல்எஸ்ஓஎஃப்’ போட்டு ஆளைப் பிடித்து, அந்த நிரலை மட்டும் நிறுத்தி ஓட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். இன்வாய்ஸுக்கு அவ்வளவு பேசியவர்.

எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் வேண்டும் என்பதே சரியான தீர்ப்பு. இருவர் இருந்தால் எந்த எடிட்டர் உசத்தி என்ற சண்டையில் வேலை நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 1998-ல் பிக்சாரில் யாரோ தட்டிய ஓர் அழிப்புக் கட்டளை ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டது, பேக்அப்பும் கைவிட்டது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த, அந்தப் படக்குழுவைச் சேர்ந்த கேலின் சுஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தார்கள். ஃபைண்ட் கட்டளையிலும் ‘டெலீட்’ என்ற சொல் கடைசியில்தான் வர வேண்டும். பெயருக்கு முன்னால் வந்தால், பெயரைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும். உங்கள் அண்ணன் அடுத்த முறை உங்கள் கணினியில் உட்கார்ந்தால், என்டரைத் தட்டுவதற்கு முன் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.