பதிவேட்டின்படி எல்லாம் சரி

வா தம்பி, உட்கார். அந்த நாற்காலிக்கு மூன்று கால்தான், சுவரில் சாய்த்துக்கொள். இன்று மாலையோடு ஓய்வு பெறும் உடற்கல்வி ஆசிரியன் நான். பொறுப்பேற்க வந்திருப்பவன் நீ. இது விளையாட்டுப் பொருள்களின் இருப்புப் பதிவேடு. ஒவ்வொன்றாக வாசிக்கிறேன், நீ டிக் போட்டுக்கொண்டே வா. கடைசியில் ஒரே ஒரு கையெழுத்து. ஐந்து மணிக்கு எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், அதற்குள் முடித்துவிடலாம்.

நீ பகுதிநேரம்தானே? 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்களே, அந்தக் கூட்டம். வாரத்துக்கு மூன்று அரை நாள். சம்பளம் பிறகு கொஞ்சம் கூடியது. பணி நிரந்தரம் மட்டும் தேர்தல் அறிக்கையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. என் இடத்துக்கு முழுநேர ஆள் போடவில்லை, அதனால் பொறுப்பு உன் தலையில். பிள்ளைகளின் தசைநார் வாரத்துக்கு ஒன்றரை நாள்தான் வளரும் என்று மேலே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கக் கூடாது.

விசில் – 1

டிக் போடு. நூறு மீட்டர் ஓடுகிறவனுக்கும் மூவாயிரம் மீட்டர் ஓடுகிறவளுக்கும் இந்த ஒரே விசில்தான்.

கல்லூரியில் நீயும் படித்திருப்பாய். வேக ஓட்டக்காரன் 60 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், பிறகு ஐந்தாறு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். உடம்பு தேறிய பிறகுதான் அடுத்த ஓட்டத்திலும் அதே வேகம் வரும். தேறாமல் ஓடவிட்டால் அவன் பழகுவது வேகத்தையல்ல, களைப்பை. நெடுந்தூரம் ஓடுகிறவள் கதை நேர்மாறு. மாதக்கணக்கில், பக்கத்தில் வருகிறவளோடு பேசிக்கொண்டே ஓடும் நிதானத்தில் தூரத்தைச் சேர்க்க வேண்டும். இதயம் பழகிய பிறகுதான் வேகம்.

நானும் முதல் வருடம் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு பையன்கள் 60 மீட்டர் ஓடிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதைய தலைமையாசிரியர் வராந்தாவிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார்.

"என்ன மாஸ்டர், பசங்க காத்து வாங்குறாங்களா?"

"ரெஸ்ட் சார். அஞ்சு நிமிஷம்."

"எட்டு செகண்டு ஓடிட்டு அஞ்சு நிமிஷம் ரெஸ்ட்டா? எனக்கும் அப்படி ஒரு வேலை இருந்தா சொல்லுங்க."

மறுநாளிலிருந்து எல்லோருக்கும் கிரவுண்டை இருபது சுற்று. குண்டு எறிகிறவனுக்கும் இருபது சுற்று. வராந்தாவிலிருந்து பார்க்க அவ்வளவு அழகு; ஒருத்தனும் உட்காரவில்லை. "இப்பத்தான் மாஸ்டர் கோச்சிங் மாதிரி இருக்கு" என்றார். அந்த ஆறு பேரில் நல்ல ஓட்டக்காரன் ஒருவன் குறுவட்டப் போட்டியில் எழுபதாவது மீட்டரில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உருண்டான். "வார்ம்-அப் ஒழுங்காப் பண்ணலை" என்று அவனையே திட்டினேன். பதிவேட்டில் உடைந்த ஈட்டிக்குக் கட்டம் இருக்கிறது, கிழிந்த தசைக்குக் கிடையாது.

பாடவேளை அட்டவணை – 1

இதில் பி.டி. பீரியட் என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதே. அது கணக்கு மாஸ்டரின் சேமிப்புக் கணக்கு. ஜூலை வரை "ஒரே ஒரு பீரியட் சார்" என்று கேட்டு வாங்குவார். அரையாண்டுக்குப் பிறகு கேட்கவும் மாட்டார். கந்துவட்டிக்காரன்கூட வாங்கியதை ஒத்துக்கொள்வான்.

புத்தகத்தில் பயிற்சிப் பருவம் மூன்று கட்டம்: அடித்தளம், கூர்தீட்டல், போட்டி. நமக்கும் அதே மூன்று கட்டம்தான். ஜூன் முழுக்க நீ வாசலில் நின்று தாமதமாக வருகிறவர்களைப் பிடிப்பாய், முடிவெட்டைச் சோதிப்பாய், பஸ் பாஸுக்குப் பெயர் எழுதுவாய். பிறகு ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வரும்: வியாழக்கிழமை குறுவட்டத் தடகளம். ஆகவே செவ்வாய் அடித்தளம், புதன் கூர்தீட்டல், வியாழன் போட்டி. ஐந்து மாத வேலையை மூன்று நாளில் முடிக்கும் இந்த முறையை வெளிநாட்டுப் பயிற்சியாளன் எவனும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதில் ஜெயித்தவர்கள் மாவட்டத்துக்குத் தயாராகும்போது வடகிழக்குப் பருவமழை இறங்கியிருக்கும், மைதானத்தில் தவளைதான் பயிற்சி எடுக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். "பப்ளிக் எக்ஸாம் சார், இனிமே ஓட விடாதீங்க." ஏதோ பிள்ளைக்குக் குடிப்பழக்கம் வந்துவிட்ட மாதிரி.

மைதானம் – 1

நான் வந்தபோது 200 மீட்டர் தடம். 1500 மீட்டர் என்றால் ஏழரைச் சுற்று. பிறகு இரண்டாவது வளைவில் வகுப்பறைக் கட்டடம் வந்தது, கட்டடத்துக்குக் கழிப்பறை வந்தது, கழிப்பறைக்குச் செப்டிக் டேங்க் வந்தது. இப்போது எத்தனை சுற்று என்று கணக்கு மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் அந்த டேங்க் மூடியைத் தாண்டித் தாண்டியே பழகியவர்கள். மாவட்டப் போட்டியில் மூடி இல்லாத தடத்தைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள்.

ஒருமுறை நாலு பேரை என் செலவில் பஸ் ஏற்றி, சிந்தெட்டிக் தடம் போட்ட ஒரு ஸ்டேடியத்துக்கு விடியற்காலையில் கூட்டிப்போனேன். முதல் தடத்தில் நாலு பெரியவர்கள் கைகோத்த மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை வியாதி, நிலவரி, மருமகள் என்று பேச்சு. பின்னால் 400 மீட்டர் பையன் மூச்சிரைக்க வந்து "டிராக், டிராக்" என்றான். ஒருவர் திரும்பி, "தம்பி, ஓரமா ஓடு. மேல இடிச்சுறாத" என்றார். ஓடுதளத்தில் ஓடுகிறவன் ஓரமாகப் போக வேண்டும். இதைவிடச் சுருக்கமாக நம் விளையாட்டுக் கொள்கையை எந்த அரசாணையும் சொன்னதில்லை.

ஸ்டாப்வாட்ச் – 2

இரண்டும் ஓடாது. மூன்றாவதாக ஒன்று நான் வாங்கியது, பதிவேட்டில் ஏறியதே இல்லை.

1984 லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா வெண்கலத்தை நூறில் ஒரு நொடியில் இழந்தார். கையால் அமுக்கும் கடிகாரத்தில் எடுத்த நூறு மீட்டர் நேரத்தை மின்னணுக் கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் 0.24 நொடி கூட்டிக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் அவ்வளவு பின்தங்கும். நம் போட்டிகளில் அந்தக் கட்டைவிரலுக்குச் சொந்தபந்தமும் உண்டு. மூன்று நடுவர், மூன்று நேரம். இறுதி முடிவு எந்தப் பள்ளியின் பிரியாணி எந்த மேசைக்குப் போனது என்பதைப் பொறுத்தது. நூறில் ஒரு நொடிக்கு ஒரு நாடே நாற்பது வருடமாக அழுகிறது. இங்கே அரை நொடியை மதிய இலைக்கடியில் மறைத்துவிடுகிறார்கள், ஒருவரும் அழுவதில்லை.

சுண்ணாம்பு – அரை மூட்டை

போட்டி நாளுக்கு. காலை ஏழு மணிக்கே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட வேண்டும். சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வருவார். அணிவகுப்பு, கொடி, ஜோதி, இரண்டு புறா. புறா மட்டும்தான் புத்திசாலி, திறந்துவிட்டதும் ஓடிவிடும். பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, "நான் படிக்கும் காலத்தில்" என்று தொடங்கும் உரை. விளையாட்டில் தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று நிழலில் நின்று அவர் சொல்லும்போது, வெயிலில் நிற்கும் 1500 மீட்டர்க்காரி இரண்டாவது படியிலிருந்து மயங்கி விழுவாள். அவள் ஓட்டம் பன்னிரண்டரைக்கு. குளுக்கோஸும் அரை மூடி எலுமிச்சம்பழமும் தயாராக வைத்திரு. நம் விளையாட்டு மருத்துவம் மொத்தமும் அவ்வளவுதான்.

முட்டை

இந்த வரியில் ஒன்றும் எழுதவில்லை, பார்த்தாயா?

காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி. மதியச் சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்போடு சரி. பத்தில் தேறிவிட்டால் பசியிலும் தேர்ச்சி. மூவாயிரம் மீட்டர் ஓடுகிற பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு நம்மிடம் இருப்பது இருபது சுற்றும் ஒரு விசிலும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். ஆடு மேய்க்கிற வீடு. 800 மீட்டரில் கடைசி நூறு வரும்போது தோள் அசையாது, கால் மட்டும் மாறும். சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது. ஒரு சீசனில் மூன்றாவது சுற்றிலேயே தளர ஆரம்பித்தாள். "சோம்பேறி, திமிரு ஏறிடுச்சு" என்று மைக்கில் திட்டினேன். இன்னும் ஐந்து சுற்று கூட்டிக் கொடுத்தேன். ஒருநாள் செப்டிக் டேங்க் மூடி மேலேயே விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று. ரத்தமே இல்லாதவளிடம் நான் வேகம் கேட்டேன். அவள் அப்பா வந்தார், கோபப்படவில்லை. "போதும் மாஸ்டர்" என்றார்.

போன மாதம் அவளைப் பார்த்தேன். மில் பஸ் கிளம்பிவிட்டது, டிபன் தூக்கோடு துரத்திப் பிடித்தாள். தோள் அசையவில்லை. கடிகாரம் என் பையில்தான் இருந்தது.

சான்றிதழ் – 1 கட்டு

இதுதான் இந்த அறையிலேயே விலை உயர்ந்த பொருள், பூட்டி வை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம். அதனால் பன்னிரண்டாம் வகுப்பில் திடீரென்று சில வீட்டில் விளையாட்டு ஆர்வம் பொங்கும். காரில் வந்து கேட்பார்கள்: "எந்த கேம் சார் ஈஸி? ஓட்டம் வேணாம்." சரிதான். ஓட்டத்தில் சான்றிதழ் வாங்க ஓட வேண்டியிருக்கிறது, அந்த விளையாட்டின் பெரிய குறையே அதுதான்.

ஓடாமலே வாங்க வழியில்லாதவர்களுக்கு ஊசி இருக்கிறது. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி. ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் வந்திறங்கினார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர் ஓடினார். மற்றவர்கள் அதைவிட வேகமாக வாசலை நோக்கி ஓடிவிட்டார்கள். அந்த ஓட்டத்துக்குத்தான் யாரும் நேரம் எடுக்கவில்லை. அதே வருடம் நாட்டில் 5,606 மாதிரிகளைச் சோதித்ததில் 214 சிக்கின. இவ்வளவு சோதனை நடத்தும் நாடுகளில் நமக்குத்தான் முதலிடம். ஏதாவது ஒன்றில் தங்கம் வாங்கத்தானே செய்கிறோம்.

பிடிபட்டவனைத் திட்டுவது சுலபம். அடித்தளத்துக்கு நேரம் கொடுக்காத ஊரில், மூன்று நாளில் மெடல் கேட்கிற ஊரில், ஊசி என்பது சுற்றறிக்கைக்கு நேர்மையாகப் பதில் எழுதுவது. அவ்வளவுதான்.

ஃப்ளெக்ஸ் – தேவைக்கேற்ப

யாராவது தப்பித்தவறி ஜெயித்துவிட்டால் அடிக்க வேண்டியது. வெறுங்காலில் ஓட ஆரம்பித்த மதுரை ரேவதி டோக்கியோ ஒலிம்பிக் போனபோது, அவரை வளர்த்த பாட்டிக்கு அடுத்தபடி உரிமை கொண்டாட ஊரே வரிசையில் நின்றது. அந்த ஃப்ளெக்ஸில் ஓடினவர் முகம் தபால்தலை அளவு, வாழ்த்துகிறவர் முகம் தண்ணீர்த்தொட்டி அளவு.

ஃப்ளெக்ஸை அவிழ்ப்பதில் நமக்கு இன்னும் வேகம். 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி. பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். உடம்பைப் பற்றி ஒரு மருத்துவர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டியதை ஊருக்குத் தலைப்புச் செய்தியாகப் போட்டார்கள். ஆசியாவில் இரண்டாவதாக வந்தவர் பிறகு செங்கல் சூளையில் மண் சுமந்தார். ஓடத் தொடங்கிய பள்ளி வயதிலிருந்து அவர் உடம்பைப் பற்றி அக்கறையோடு விசாரிக்க ஓர் ஆளைப் போட்டிருந்ததா இந்த நாடு? மெடல் வந்த பிறகுதான் உடம்பு இருப்பதே நமக்குத் தெரியும்.

போதும், மணியாகிறது. பதிவேடு முடிந்தது. கீழே அச்சடித்த வாசகம் இருக்கிறது: 'பதிவேட்டின்படி அனைத்தும் சரியாக உள்ளன.' அதன் கீழே போடு. 1991-ல் எனக்கு முன்னால் இருந்தவர் பேனாவை நீட்டினார், படிக்காமலே போட்டேன். நீ எல்லாம் கேட்டுவிட்டுப் போடுகிறாய், நீ முன்னுக்கு வருவாய்.

வா, கீழே போகலாம். பொன்னாடை கொண்டுவருகிறவர் இன்னும் கிளம்பவே இல்லையாம். பிள்ளைகள் மூன்றரை மணியிலிருந்து வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். நான்தான் விசில் ஊதி நிறுத்திவிட்டு வந்தேன்.