பெரிய புள்ளி

எங்கள் மேடவாக்கம் அடுக்ககத்தில் ஒரு பெரிய புள்ளி இருக்கிறார். துல்லியமாகச் சொன்னால், 85 புள்ளி. யார் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாலும், "261313 சார்" என்பார். கைதி எண் அல்ல. ஆஸ்திரேலியக் குடியேற்றக் கணக்கில் சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு அதுதான் எண். அங்கே 65 புள்ளி இருந்தால் வரிசையில் நிற்கலாம். ஆனால் வெறும் 65-ஐ வைத்துக்கொண்டு நிற்பவனை, திருப்பதியில் சிறப்பு தரிசன டிக்கெட்காரர் தர்ம தரிசனக்காரரைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்.

பத்து வருஷ அனுபவம் அவருக்கு. ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி அதை எடைபோட்டு, தகுதி பெறவே 2 வருஷம் சரியாகப் போயிற்று என்று கழித்துவிட்டு மீதி எட்டுக்குத்தான் ரசீது கொடுத்தது. "பழைய நகையை உருக்கினாக்கூட இவ்வளவு சேதாரம் போகாது சார்." அந்த எட்டையும் நிரூபிக்க அவர் பட்ட பாடு தனி. பழைய கம்பெனியில் அனுபவக் கடிதம் கேட்டார். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை பார்த்தார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று மூன்றே வரி வந்தது. என்ன வேலை பார்த்தார் என்பது எங்கேயும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கோ அதுதான் வேண்டும். வேறு வழி? முத்திரைத்தாளில் பழைய மேனேஜர் கையெழுத்து. அதே மேனேஜரிடம்தான் ஒரு அப்ரைசலில் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருந்தார். இரண்டு முறை பிரியாணி வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது முறை தால்ச்சாவை விரலால் வழித்துக்கொண்டே மேனேஜர் கேட்டாராம்: "நீ இதெல்லாமா செஞ்சே?"

தமிழ் விவகாரம் இன்னும் விசேஷம். பிளஸ் டூவில் மார்க்குக்காகத் தமிழை விட்டு பிரெஞ்சு எடுத்தவர். இப்போது நாட்டி என்ற அமைப்பு நடத்தும் மொழிபெயர்ப்புப் பரீட்சையில் தமிழில் தேறினால் 5 புள்ளி. மார்க்குக்காகப் போனவர் மார்க்குக்காகவே திரும்பி வந்தார். நாலு மாசம் சாயங்காலம் பால்கனியில் ஒரே இரைச்சல். பயிற்சியில் அம்மா ஆஸ்பத்திரி ரிசப்ஷனிஸ்ட், இவர் நோயாளி. "வயித்து வளி இருக்கு" என்பார். "வலிடா! வளின்னா காத்து!" என்று உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம் வரும். காற்றுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர் வாதாடியதையும் கேட்டேன். 5 புள்ளி வந்துவிட்டது. நியாயமாக அது அம்மாவுடையது.

கல்யாணம் தட்டிப்போவதும் இந்தக் கணக்கால்தான். பிரம்மச்சாரிக்கு 10 புள்ளி. மனைவிக்கு ஆங்கிலமும் தகுதிச் சான்றும் இருந்தால் அந்தப் பத்து தப்பிக்கும். ஆங்கிலம் மட்டும் என்றால் 5. இரண்டும் இல்லையென்றால் சுத்தமாகப் போய்விடும். அம்மா ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்க, பிள்ளை பெண்ணிடம் பத்துப் புள்ளி பார்க்கிறார். ஒரு பெண் வீட்டில், "உங்க பொண்ணு பி.டி.இ. எழுதியிருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அது ஆங்கிலப் பரீட்சை என்பது தெரியாத பெண்ணின் அப்பா, "அப்படியெல்லாம் ஒரு வியாதியும் கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் அவருக்கு 33 வயது முடிந்தது. கேக் வெட்டினார்கள். 32 வரை வயதுக்கு 30 புள்ளி. 33 முடிந்தால் 25. நான் கை கொடுத்து வாழ்த்தினேன். "80 சார்" என்றார், சாவு வீட்டுக் குரலில்.

அந்த வாரமே தெருமுனை ஹோட்டல் மாஸ்டர் ஒரு உறையோடு வந்தார். கேட்டரிங் படித்த பையன். மெல்போர்னில் ஒரு உணவகம் வேலைக்குக் கூப்பிட்டு, விசாவுக்கும் அதுவே ஸ்பான்சர் செய்கிறதாம். இங்கிலீஷ் பரீட்சையும் தேறியாயிற்று.

"மாஸ்டர், உங்களுக்கு எத்தனை புள்ளி?"

"புள்ளியெல்லாம் கேக்கல சார். முதலாளி ஸ்பான்சர் பண்றதால இது வேற வழியாம். அனுபவக் கடிதம்தான் கேட்டாங்க. நம்ம ஓனர் ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாரு, சட்னி வகை உட்பட."

புள்ளிக்காரர் அந்த ரெண்டு பக்கத்தையும் வாங்கி வரி வரியாகப் படித்தார். மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார். மாஸ்டர் படியிறங்கும்போது பின்னாலேயே போய் மெதுவாகக் கேட்டார்:

"அந்த ஹோட்டல்ல கம்ப்யூட்டர் பார்க்க ஆள் வேணுமான்னு ஒரு வார்த்தை கேளுங்களேன் மாஸ்டர்."