யாருக்கு யூ, யாருக்கு டிவி? பகுதித் தொகையிடலில் பாகப்பிரிவினைச் சிக்கல்: ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஆய்வுக்காலம்: ஒரு ஞாயிறு இரவு எட்டு மணி தொடங்கி அடுப்பில் பால் பொங்கி வழிந்த நேரம் வரை. ஆய்வுப்பொருள்: எக்ஸ் பெருக்கல் ஈ பவர் எக்ஸ் என்னும் சார்பின் தொகை. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் எழுப்பிய வினாவே இதற்குத் தூண்டுகோல்: "அப்பா, இதுல எது யூ, எது டிவி?" ஆய்வாளர் வாய் திறக்குமுன் அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "டிவியை அவளுக்கே குடுத்துடுடா, நான் சீரியலைக் காலையில பாத்துக்கறேன்." இச்சொல்லின் இருபொருள் தன்மையைப் பாடநூலார் பதிவு செய்யாதது வியப்புக்குரியது.

பகுதித் தொகையிடலாவது, ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கிடக்கும் இரு சார்புகளுக்குப் பாகம் பிரிப்பது. யூ பங்கு வாங்கியவர் வகையிடப்படுவார். டிவி பங்கு வாங்கியவர் தொகையிடப்படுவார். மேற்படி கணக்கில் எக்ஸை யூ ஆக்கினால் அது ஒன்றாகச் சுருங்கிவிடும், வழக்கும் முடியும். மாற்றிப் போட்டாலோ எக்ஸ் ஸ்கொயர், அடுத்த சுற்றில் எக்ஸ் கியூப் என்று வாய்தாவுக்கு மேல் வாய்தா. முறையை 1715-இல் புரூக் டெய்லர் தந்தார் என்பர். யாருக்கு முன்னுரிமை என்பதற்கு 1983-இல் ஹெர்பர்ட் காசுபே 'லியேட்' என ஒரு வரிசை வகுத்தார்: மடக்கை, நேர்மாறு முக்கோணவியல், இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி. இதில் முன்னால் நிற்பவரே யூ. நம் வகுப்பறைகளில் இது முதலிரண்டு எழுத்தும் இடம் மாறி 'ஐலேட்' என வழங்கும். எது மூலபாடம், எது பாடபேதம் என்று மல்லுக்கு நிற்பது வீண். மடக்கையும் நேர்மாறும் ஒரே கணக்கில் மோதிக்கொள்வது அபூர்வம்.

அற்றேல் அஃதாக, கணினி இருக்க மனிதர் இதில் ஏன் தலையிட வேண்டும் எனின், வரலாறு கூறுதும். 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஸ்லேகல் 'செயின்ட்' என்றொரு நிரல் எழுதினார். கல்லூரி முதலாண்டுத் தரத்தில் கொடுத்த 86 தொகையிடல் கணக்குகளில் 84-ஐ அது போட்டது. நூற்றுக்கு 97.67; கட்-ஆஃபுக்கு ஒருவாறு தேறும். புனிதர் எனப் பெயர் சூட்டிய அதே வளாகத்தில் 1967-இல் ஜோயல் மோசஸ் எழுதியதன் பெயர் 'சின்', அதாவது பாவம். மோசே என்ற பெயர் கொண்டவர் செய்யக்கூடிய காரியமா இது என்பது தனி ஆய்வுக்குரியது.

எம் சோதனைக்கு வருவோம். பைத்தானில் இயங்கும் 'சிம்பை' என்னும் இலவச மென்பொருளிடம் கணக்கைக் கொடுத்தோம். "எக்ஸ் கழித்தல் ஒன்று" என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டு, ஈ பவர் எக்ஸால் பெருக்கி, விடையை நீட்டியது. மகள் நோட்டில் இருந்ததோ எக்ஸ் ஈ பவர் எக்ஸ் கழித்தல் ஈ பவர் எக்ஸ். இரண்டும் ஒன்றுதான். ஆனால் கணினி இதை எப்படிப் போட்டது என்பதற்கு அந்த அடைப்புக்குறியில்தான் துப்பு இருக்கிறது. 1969-இல் ராபர்ட் ரிஷ் காட்டிய வழியில் யூவும் இல்லை, டிவியும் இல்லை. விடை ஏதோ ஒரு பல்லுறுப்புக் கோவையை ஈ பவர் எக்ஸால் பெருக்கிய வடிவில்தான் இருக்க முடியும் என்று முதலில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கோவையையும் அதன் வகைக்கெழுவையும் கூட்டினால் எக்ஸ் வர வேண்டும். எக்ஸ் கழித்தல் ஒன்று, அதன் வகைக்கெழு ஒன்று, கூட்டினால் எக்ஸ். முடிந்தது. பாகமே பிரிக்காமல் சொத்துக் கணக்கை முடித்த சாமர்த்தியம் இது. "இதுக்கு ஸ்டெப் எங்கப்பா? ஸ்டெப்புக்குத்தான் மார்க்கு" என்றாள் மகள். ஆய்வாளரிடம் மறுமொழி இல்லை.

பாகம் பிரித்தே தீர வேண்டும் என்பாருக்கு 2019 முதல் மேட்லாப் என்னும் இன்னொரு மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு. ஆனால் எதைத் தொகையிடுவது என்பதை நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும். பங்கைப் பேசி முடித்துவிட்டு வாங்க, நான் எழுதித் தர்றேன் என்கிற பத்திர எழுத்தரின் ஜாதி. சிம்பையிலும் படிப்படியாகக் காட்டும் ஒரு பகுதி இருக்கிறது. அதன் நிரலைத் திறந்து பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது அதே லியேட். டியூஷன் சாரிடமிருந்து தப்பிக் கணினிக்குள் புகுந்தால், அங்கேயும் அவரே.

கடைசியாக ஒரு முறையீடு. சிம்பை தரும் விடையில் 'கூட்டல் சி' இராது. மாறிலிதானே என்று விட்டுவிட முடியாது. ஒன் பை எக்ஸையே யூவாக வைத்துப் பகுதித் தொகையிட்டுப் பாருங்கள். ஒன் பை எக்ஸின் தொகை, ஒன்று கூட்டல் அதே தொகை என்று வரும். இருபுறமும் அடித்தால் பூச்சியம் சமம் ஒன்று. கணிதமே இடிந்து விழாமல் தாங்கிப் பிடித்திருப்பது அந்தச் சிறிய சி. மகள் கணினி விடையை அப்படியே எழுதிக்கொண்டு போனதில் அரை மதிப்பெண் போயிற்று. ஆகவே மென்பொருள் எழுதும் பெரியோர்கள், பாகப்பிரிவினை செய்யாவிட்டாலும் போகிறது, விடைக்குக் கீழே ஒரு 'கூட்டல் சி' மட்டும் போட்டுத் தருமாறு பிளஸ் ஒன் பிள்ளைகளைப் பெற்றோர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.