மடக்குக் கத்தி மழுங்காமை: விலைசார் கோட்பாடு ஒன்றை முன்வைத்து

ஆய்வு நோக்கமும் எல்லையும்

அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்பை அறுக்க எவ்வளவு கடினமான எஃகு வேண்டும்? சாவி போதும் என்பாரும் உளர். பல்லே போதும் என்பாரும் உளர். இவ்விரு தரப்பையும் வணக்கத்துடன் ஒதுக்கிவிட்டு, 400 டாலருக்கு மேல் கொடுத்து மடக்குக் கத்தி வாங்கி, அதே டேப்பை அறுக்கும் அமெரிக்கச் சேகரிப்பாளரை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மீன் ஆய்வோர், கயிறு அறுப்போர், உண்மையிலேயே கத்தி தேவைப்படுவோர் ஆகியோர் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள்.

அளவுகோல்

கத்தியின் பதத்தைச் சொல்லும் எண் ராக்வெல் சி. கனெக்டிகட் மாநிலத்தில் பால்பேரிங் ஆலையில் வேலை பார்த்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் 1914இல் இதற்கான பொறிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தனர். பேரிங் வளையத்தில் பதம் சரியாக ஏறியதா என்று பார்ப்பதுதான் அவர்கள் கவலை. பிற்காலத்தில் இதை வைத்து ஆட்கள் சண்டை போடுவார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை.

முறை எளியது. 120 பாகைக் கூம்பாகத் தீட்டிய வைரமுனையை 10 கிலோ பாரத்தில் எஃகின்மேல் நிறுத்துவார்கள். மொத்தப் பாரத்தை 150 கிலோவுக்கு ஏற்றி, மறுபடி 10க்கு இறக்குவார்கள். முனை எவ்வளவு உள்ளே போய் நின்றதோ அதில் 0.002 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நூறிலிருந்து கழியும். 60 என்றால் பள்ளம் 0.080 மி.மீ.; 61 என்றால் 0.078. தலைமயிர் ஒன்றை முப்பதாக வகிர்ந்தால் கிடைக்கும் கீற்று, ஏறத்தாழ அவ்வளவுதான் வேறுபாடு. சோதனைப் பொறியே ஒரு புள்ளி முன்பின் காட்டும். இந்தக் கீற்றுக்குள்தான் நெடுநாள் நட்புகள் முறிகின்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எஃகு வரலாறு

தென்னாப்பிரிக்காவிலிருந்து 1989இல் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் உருவாக்கிய செபென்சா, இத்துறையினர் அனைவரும் ஏதோ ஒரு கருத்து வைத்திருக்கும் கத்தி. கத்திக்கென்றே ஓர் எஃகு வேண்டுமென்று, அவரது ஆலோசனையும் சேர, குரூசிபிள் நிறுவனம் 2001இல் எஸ்30வி-யைக் கொண்டுவந்தது: கார்பன் 1.45 சதவீதம், குரோமியம் 14, வனேடியம் 4. உருகிய எஃகைத் தூளாகச் சிதறடித்து மறுபடி அழுத்திச் சேர்ப்பதால் உள்ளே கார்பைடு துகள்கள் பொடிப்பொடியாக, சீராக இருக்கும். ரீவ் இதற்கு 58, 59 அளவில் பதம் வைத்தார். சாணை பிடிக்க இலகுவாகவும், கூர் சில்லு பேராமலும் இருக்கட்டும் என்பது கணக்கு. எண் 60ஐத் தொடாததை, வாங்கியவர்களில் ஒரு சாரார் சொந்தச் சகோதரன் செய்த துரோகம் போல எடுத்துக்கொண்டனர்.

2021இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட் வந்தது. குரோமியத்தை 10.7 சதவீதமாகக் குறைத்து, குரோமியம் கார்பைடே உருவாகாமல் பார்த்துக்கொண்ட எஃகு. துருவும் எளிதில் பிடிக்காது, சில்லும் எளிதில் பேராது, 62, 63 என்றும் பதம் ஏறும். வழக்கு இத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். எண்கள் ஏறின, வழக்கும் மேல்முறையீட்டுக்குப் போனது.

கார்பன் 1.45 என்றதும் தமிழாய்வாளனுக்குக் கை பரபரக்கும். கொடுமணல் அகழாய்வில் மூசையில் எஃகு உருக்கியதற்குச் சான்று உண்டு. தென்னகத்து உருக்கிலும் கார்பன் ஏறத்தாழ இதே கணக்குதான். செபென்சா பிறந்தது கொங்கு நாட்டில் என்று நிறுவ இன்னும் ஒரே ஒரு பத்தி போதும். கட்டுரையாளர் பெருமுயற்சி செய்து தம்மை அடக்கிக்கொள்கிறார்.

இழைப்பு

அலகை முதுகிலிருந்து கூர் வரை இழைத்து மெலிய வைப்பதில் பல வகை. பக்கங்கள் உட்குழிந்தால் ஹாலோ, நேராக இறங்கினால் ஃபிளாட், வெளியே புடைத்தால் கான்வெக்ஸ். பெரிய செபென்சா ஹாலோ. முதுகுத் தடிமன் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆப்பிளில் வைத்து அழுத்தினால் கூர் வழுக்கிக்கொண்டு இறங்கும். குழிவு முடிந்து தடித்த தோள் பழத்துக்குள் நுழைந்ததும் ‘டப்’பென்று ஓசை. ஆப்பிள் நறுக்கப்படவில்லை, பிளக்கப்பட்டது.

பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890இல் தொடங்கிவைத்த மரப்பிடிக் கத்தியின் விலை செபென்சா விலையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. முதுகு செபென்சாவில் ஏறக்குறையப் பாதி. அதே ஆப்பிளைச் சத்தமில்லாமல் வில்லை வில்லையாகப் போட்டுவிடும். வெட்டுவது மெல்லிய வடிவம்; எஃகும் பதமும் அந்த வடிவம் எத்தனை நாள் நிலைக்கும் என்பதைத்தான் சொல்கின்றன. எண்ணைப் பேசுகிறவர்கள் ஆப்பிளைப் பேசாததன் காரணம் இதுவே.

கோட்பாடு

1. கத்தி வெட்டுவதால் மழுங்குகிறது.
2. விலை ஏற ஏற, வெட்ட மனம் வருவதில்லை.
3. ஆகவே, கூர் நிலைப்பதைத் தீர்மானிப்பது வனேடியமோ ராக்வெல்லோ அன்று, விலைச்சீட்டே.

வெல்வெட் பெட்டிக்குள் உறங்கும் கத்திகள் இதற்குச் சான்று. வாங்கிய நாளின் கூர் அவற்றில் அப்படியே இருக்கிறது.

மறுப்பும் விடையும்

ஷெஃபீல்டு நகரின் கேட்ரா நிறுவனத்துப் பொறியைக் காட்டி இதை மறுப்பார்கள். மணற்சத்து கலந்த அட்டைக் கட்டை, 50 நியூட்டன் அழுத்தத்தில் 60 முறை முன்னும் பின்னும் அறுக்கவிட்டு, எவ்வளவு ஆழம் வெட்டியது என்று அளக்கும் பொறி அது. அதன் முடிவுகளின்படி எஃகும் கடினமும் கணக்கில் வருவது உண்மைதான். ஆனால் கூரின் கோணத்தைச் சில பாகை குறைப்பது, பதத்தில் ஒரு புள்ளி ஏற்றுவதைவிட அதிகப் பலன் தருகிறது. எனினும் அப்பொறிக்குக் கத்தியின் விலை தெரியாது. எனவே அதன் முடிவுகள் முழுமையானவை அல்ல.

பரிந்துரை

விற்பவர் 61 என்கிறார். அது மெய்தானா என்று அறிய ராக்வெல் பொறியில் வைத்தாக வேண்டும். வைத்தால் அலகில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் விழுந்த கத்தியைச் சேகரிப்பாளர் எவரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார். விலை போகாத கத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் மழுங்கும். ஆக, கத்தியின் கடினத்தை மெய்ப்பிக்கும் சோதனையே நம் கோட்பாட்டையும் மெய்ப்பித்துவிடுகிறது. இச்சோதனைக்குத் தம் கத்தியைத் தர முன்வருவோர் வரவேற்கப்படுகிறார்கள். ஆப்பிள் செலவு கட்டுரையாளருடையது.